பூஸ்டர் வைத்த வீடு

டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொன்ன அன்று நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "படுத்துக்கிட்டே டைப் அடிக்கலாமா?" என்பதுதான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. இந்த முறை ஐந்தாம் மாதம் வரை வந்திருந்தது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார். இனி பிரசவம் வரைக்கும் இடது பக்கமாகப் படுத்தே இருக்க வேண்டும், பஸ் ஏறவே கூடாது என்றார். எனக்குக் குழந்தைக்கு முன்னால் வேலைதான் ஞாபகம் வந்தது. ஆசை இல்லாமல் இல்லை. ஆசைப்படவே பயமாக இருந்தது.

நான் அப்போது ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்வார்கள். அதைக் காதில் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் என் வேலை. என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டர் வேலை. அந்த வருஷம் உலகத்தில் எங்கேயோ பேங்க் கவிழ்ந்ததற்கு ஓசூரில் ஷிஃப்ட் குறைந்தது. ஆர்டர் இல்லை என்று வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அமெரிக்காவுல எவனோ வீட்டுக்குத் தவணை கட்டலன்னா நான் எதுக்கு வீட்டுல உக்காரணும்?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவார். ஆக, வாடகையும் அரிசியும் ஆஸ்பத்திரியும் என் சம்பளத்தில்தான். நான் வேலையை விட்டால் ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் நிற்க வேண்டும். போவதாக இருந்தாலும் ஒரு ராத்திரி முழுக்க பஸ் பயணம். அதற்கும் வழியில்லை.

என் சூப்பர்வைசர் மேடம் நல்ல மாதிரி. வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று மேலே பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். நிபந்தனை இருந்தது. பதினைந்து நாளைக்குள் வீட்டில் பிராட்பேண்ட் வந்திருக்க வேண்டும். வந்த பிறகு ஃபைல் தாமதமாகக் கூடாது. ஒரு தடவை தாமதமானால் மன்னிப்பு. இரண்டாம் தடவை என்றால் ஆபீசுக்கு வர வேண்டும், இல்லையென்றால் நின்றுகொள்ள வேண்டும்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் போனா கேபிளா என்ற வழக்கு ஆரம்பித்தது. வீடு என்று சொன்னாலும் அது மாடியில் ஒரு ஹால், ஒரு ரூம். நான் கட்டிலில் படுத்திருப்பேன். அவர் ஊர் முழுக்க விசாரித்துவிட்டு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து சொல்லுவார். போன் ஒயரில் வருவதற்கு டிஎஸ்எல் என்று பெயர். வேகம் கொஞ்சம் மட்டு. ஆனால் கரண்ட் போனாலும் லைன் சாகாது, ஏனென்றால் அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. நம் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் மட்டும் பேட்டரி இருந்தால் போதும். டிவி கேபிளில் வருவது வேகம். ஆனால் வழியில் எங்கே கரண்ட் போனாலும் அதுவும் போய்விடும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த நேரத்தைச் சொல்வதுதான் சுலபம்.

இப்படிச் சொன்னால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போனையே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். எங்களிடம் போன் லைன் இல்லை. டெலிபோன் ஆபீசில் கேட்டதற்கு, எங்கள் தெருப் பெட்டியில் இணைப்பு ஒன்றும் காலியில்லை, எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். இதைக் கேள்விப்பட்டு, கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தெலுங்குக்காரர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏம்மா, என் போன் இருக்குதில்ல, அதுல நெட்டு போட்டுக்கோ. ஒயரு ஜன்னல் வழியா மேல இழுத்துக்கோ. எனக்கு என்னா, பர்வாலேது" என்றார். நிஜமாகவே நல்ல மனது. ஆனால் அந்த போனில் நெட் வருவதற்கு விண்ணப்பம், பரிசோதனை என்று மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மேடம் கொடுத்த கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினோரு மாத அக்ரிமெண்டில் குடியிருக்கிறவர்களுக்கு ஓனரிடம் கூடுதலாக ஒரு கயிறு கட்டிக்கொள்ளப் பிடிக்காது. "அவங்க லைனு அவங்க பேர்ல இருக்கு. நாளைக்கு ஒரு மனஸ்தாபம்னா பிடுங்கிட்டாங்கன்னு வையி, நம்ம பொழப்பு என்னாகும்?" என்றார் என் வீட்டுக்காரர். கேபிள்காரரோ நம்ம ஊர்க்காரர். கோவில்பட்டிப் பக்கம். எங்கள் தெருவில் பாதிப்பேர் தெற்கத்திக்காரர்கள், தேனி, விருதுநகர், கோவில்பட்டி என்று. எல்லோருக்கும் அவர்தான் கேபிள். வெளியூரில் பிழைக்க வந்தவர்களுக்கு நம்ம ஊர் ஆள் என்றால் பாதி நெஞ்சு ஆறிவிடும், மீதிப் பாதிக்கு விசாரிக்கவே தோன்றாது.

அவர் வந்து கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "தங்கச்சி, நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நாளைக்கே இழுத்துத் தாரேன். கரண்டு போனாலும் நம்ம லைன் நிக்காது, பூஸ்டருக்குப் பேட்டரி வச்சிருக்கேம்லா" என்றார்.

"என்னைக்காவது நின்னு போச்சுன்னா அண்ணாச்சி?"

"நான் எதுக்கு இருக்கேன்? ஒரு போன் போடு, ஓடி வந்துர மாட்டேனா?"

கேபிள் வந்தது. கெடு முடிவதற்கு முன்பே ஆபீசில் லைனைச் சோதித்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

டைப் அடிக்கிறவர்கள் ஒலிப்பதிவை நிறுத்தி ஓடவிடக் காலால் ஒரு பெடலை மிதிப்பார்கள். படுத்துக்கொண்டு மிதிக்க முடியாது. என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் பெடலைத் திருகி, பின்னால் செங்கல் முட்டுக் கொடுத்தார். இடது பக்கம் ஒருக்களித்து, தலையணைகளுக்கு நடுவில் கீபோர்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பாதத்தால் பலகையை உதைத்து உதைத்து வேலை செய்தேன். ஆறாம் மாதத்திலிருந்து உள்ளேயிருந்தும் உதை வந்தது. வயிற்றில் முட்டிக்கொண்டிருந்த கீபோர்டு அசைந்து, ஏதாவது ஒரு அமெரிக்கக் கிழவரின் ரத்த அழுத்தத்தில் கூடுதலாக ஒரு எழுத்து விழும். "ஏ குட்டி, சும்மா இரு, உனக்கும் சேத்துச் சம்பளம் போடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அழிப்பேன். அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்போது பயம் ஒன்றுதான் தெரிந்தது.

கார்த்திகை மழையில் ஒரு நாள் எங்கோ கேபிள் அறுந்து ஃபைல் தாமதமானது. மன்னிப்பு அதோடு தீர்ந்தது.

பூஸ்டர் என்றால் என்னவென்று நான் சொல்லவில்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்து வரும் கேபிளில் போகப்போகப் பலம் குறையும். அதனால் தெருவுக்குத் தெரு ஒரு தகரப் பெட்டி வைத்து பலத்தை ஏற்றுவார்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கேபிள்காரர் அதற்கென்று தனி மீட்டர் வாங்க மாட்டார். தெருவில் ஒரு வீட்டுக்காரரைப் பிடித்து, "உங்க வீட்டுச் சுவத்துல மாட்டிக்கிறேன், உங்களுக்கு கேபிள் ஃப்ரீ" என்பார். எல்லா ஊரிலும் இதுதான் ஏற்பாடு. எங்கள் தெருவில் அது மூன்றாவது வீடு. தேனிக்காரக் குடும்பம். தெருவே பார்க்கிற டிவியும் என் வேலையும் அவர்கள் வீட்டு பிளக்கில் செருகியிருந்தன. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பொங்கல் வந்தது. போகிக்கு முந்தின நாளே தெரு காலியாக ஆரம்பித்தது. கம்பெனிகள் லீவு விட்டன. மூட்டை முடிச்சோடு எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். வருஷா வருஷம் நாங்களும் அப்படிப் போகிறவர்கள்தான். தேனிக்கார அக்கா மாடியேறி வந்து, என் தலையைத் தடவி, "உடம்பப் பாத்துக்க தாயி. வரும்போது உனக்கு முறுக்கு சுட்டுக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குப் போகிறவர்கள் கடைசியாக என்ன செய்வார்கள்? கேஸ் சிலிண்டரை மூடுவார்கள். மெயின் சுவிட்சை அணைப்பார்கள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். ஆளில்லாத வீட்டில் ஒயர் ஏதாவது பற்றிக்கொண்டால் யார் பார்ப்பது? முந்தின வருஷத் தீபாவளிக்கு நானும் அப்படித்தான் செய்தேன். பாதித் தெரு நடந்த பிறகு மெயினை அணைத்தோமா என்று சந்தேகப்பட்டு அவரைத் திருப்பி அனுப்பினேன்.

பேட்டரி இருந்ததால் உடனே தெரியவில்லை. போகியன்று காலையில் இரண்டு ஃபைல் அனுப்பினேன். மூன்றாவது பாதியில் நின்றது. மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது. டிவியும் வரவில்லை. ஆனால் வரவில்லை என்று கத்துவதற்குத் தெருவில் எங்களையும் கீழ்வீட்டையும் விட்டால் ஆளில்லை. அண்ணாச்சிக்கு போன் போட்டோம். பின்னணியில் மேளச் சத்தம் கேட்டது. "தங்கச்சி, நான் ஊருல இருக்கேன். கோயில் கொடைல்லா?" என்றார்.

நம்ம ஊர்க்காரர் என்று நம்பினோமே, நம்ம ஊர்க்காரர் பொங்கலுக்கு எங்கே இருப்பார்?

போனிலேயே அவர் என் வீட்டுக்காரருக்கு வழி சொன்னார். தேனிக்காரர் வீட்டுக் காம்பவுண்டு ஏறிக் குதித்து, பூஸ்டருக்குப் போகிற ஒயரை வெட்டி, வேறு வீட்டிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். ஹவுஸ் ஓனர் அம்மாவின் வீட்டுக்காரர் ஏணி பிடித்தார். அந்த அம்மா தன் வீட்டு பிளக்கிலிருந்து ஒயரை நீட்டினார். நான் ஜன்னல் வழியாகக் கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஸ்டரில் விளக்கு எரிந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். நான் திரும்பி மோடத்தைப் பார்த்தேன். அது செத்துத்தான் கிடந்தது.

"இன்னும் வரலையே அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "தம்பி, அதுக்கு முந்தின தெருவுல ஒரு பூஸ்டர் இருக்கு. அது சாத்தூர்க்காரங்க வீடு. அதுக்கு முந்தினது நம்ம சித்தப்பா மகன் வீடு. எல்லாரும் இங்கதான் இருக்காக."

கண்ட்ரோல் ரூமிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் வழிநெடுக நம்ம ஊர்க்காரர்களாகவே பார்த்துப் பூஸ்டர் வைத்திருந்தார் மனிதர். அத்தனை பேரும் மெயினை அணைத்துவிட்டுப் பொங்கலுக்குப் போயிருந்தார்கள்.

பிரவுசிங் சென்டர் பூட்டியிருந்தது. செல்போனில் நெட் என்பது அப்போது எங்களுக்கு எட்டாத சமாச்சாரம். மேடத்துக்கு போன் செய்தேன். "அமெரிக்காவுக்குப் பொங்கல் தெரியாதும்மா. இங்க தமிழ் ஆளுங்க எல்லாம் லீவு. ஃபைல் குவிஞ்சு கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள உங்களுது வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் குரலிலும் அழுகை இருந்தது.

ஆபீஸ் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான் தூரம். வாடகைக் கார் எல்லாம் ஊர்ச் சவாரிக்குப் போயிருந்தது. டாக்டரம்மாவுக்கு போன் செய்யலாமா என்று நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரிடம், "போயிட்டு வந்துரவா?" என்றேன். அவர் கையில் இன்னும் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே போய் ஆட்டோ கூட்டி வந்தார். ஆட்டோ பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் வரும், மாநில எல்லையைத் தாண்டாது.

தெற்கே போகிற பஸ்களில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். பெங்களூர் பஸ் காலியாக இருந்தது. அவர் மடியில் தலை வைத்து மூன்று பேர் சீட்டில் படுத்துக்கொண்டே போனேன். அத்திப்பள்ளி செக்போஸ்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் என் வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தார், கையால் பிடித்தால் நின்றுவிடும் என்பதைப் போல.

ஆபீசில் வெளியாட்களை விட மாட்டார்கள். அவர் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. என் ஃபைல்களை முடித்தேன். குவிந்து கிடந்ததிலும் கொஞ்சம் முடித்தேன். எனக்கு வெறி வந்த மாதிரி இருந்தது. எவ்வளவு அடித்தால் என்னை விட்டுவைப்பார்கள் என்று தெரியாததால் அடித்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் மேடம் வந்து என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "இந்த நிலைமைல வந்திருக்கீங்க. நான் மேல பேசிட்டேன். இன்னைக்குத் தாமதத்த யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. டெலிவரிக்கு அப்புறமும் ஒரு வருஷம் வீட்ல இருந்தே பண்ணுங்க. பாப்பாவப் பாத்துக்கிட்டே பண்ணலாம்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெளியே ஓடாத குறையாக வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டீக்கடைக்காரருக்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில், ஒரு வருஷம், ஒரு வருஷம் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். அதற்குள் போன் லைனுக்கு எழுதிப் போடலாம் என்றார் அவர். ஓனர் அம்மா போனிலேயே கூடப் போடலாம் என்றேன் நான். ஆளுக்கு ஒரு பக்கமாக வாதாடினோம். பஸ் எல்லையைத் தாண்டியபோது அவர் சிரித்துக்கொண்டே, "அப்பா கட்சியா அம்மா கட்சியான்னு குட்டிகிட்ட கேளு" என்றார்.

நான் வயிற்றில் கை வைத்தேன். காத்திருந்தேன். இடது பக்கம் சாய்ந்தேன். தண்ணீர் குடித்தேன். காலையிலிருந்து எப்போது அசைந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஜன்னலில் எக்கிப் பார்த்தபோது அசைந்தது. போகிற பஸ்ஸில் அசைந்ததா? ஆபீசில்? எனக்குத் தெரியவில்லை. யார் யாருடைய நெஞ்சுவலியெல்லாமோ எனக்கு ஞாபகம் இருந்தது. இது மட்டும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக நர்சிங் ஹோமுக்குப் போனோம். டாக்டரம்மா குழந்தையின் துடிப்பைக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார். பிறகு ஸ்கேன் எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை ரிப்போர்ட்டில் எந்த வாக்கியமாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு அதை நான் டைப் அடித்திருக்கிறேன்.

பஸ்ஸில் போனதால்தான் என்று சொல்ல முடியாது, வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருக்கலாம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அவர் உண்மையைச் சொன்னாரா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது தெரு நிறைந்திருந்தது. எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. எங்கள் மோடத்திலும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. தேனிக்கார அக்கா முறுக்குத் தூக்கோடு மாடியேறி வந்து, வாசலில் என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, தூக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவரிடம் மெயின் சுவிட்சைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாமல் இருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கரண்டை, கேபிளை, பொங்கலை, அமெரிக்காவை, எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டினேன். ஒன்றும் ஆறவில்லை.

மாதக் கடைசியில் மேடம் போனில் பேசினார். ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னார். உடம்பு தேறிவிட்டதா, நன்றாகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல இருந்து வேலை பாக்கறது பாப்பாவுக்காகன்னு சொல்லித்தான் நான் மேல பெர்மிஷன் வாங்கினேன். இப்போ கேக்கறாங்க. திங்கட்கிழமைல இருந்து நீங்க ஆபீஸ் வந்துரலாம் இல்ல?" என்றார்.

"வர்றேன் மேடம்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.